குழாய்க்கு வைத்த கெடு

ஞாயிற்றுக்கிழமை காலை. அலுவலகத்தில் இருபது பேரை மேய்க்கும் மேலாளர், வீட்டில் தன்னைத்தானே மேய்க்க நோட்டும் நான்கு நிறப் பேனாக்களுமாக உட்கார்ந்தார். வாராந்திர ரிவ்யூ என்று அதற்குப் பெயர்.

முதல் வரியே சிவப்பில் முறைத்தது: ‘சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய வேண்டும்.’

வாராவாரம் அதை அப்படியே எடுத்தெழுதி, புதுக் கெடு போட்டு, ஒரு வருடம் ஓட்டிவிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“தப்பு என் மேலதான். ஒரு வருஷமா நீயும் வாயைத் திறக்காம பொறுத்துக்கிட்டே. வர்ற சனிக்கிழமைக்குள்ள அந்தக் குழாயைச் சரி பண்ணிடறேன்.”

“வேண்டாங்க.”

“கோபமா இருக்கியா?”

“எனக்கென்ன கோபம்?” மனைவி குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. “அது பழைய வீட்டுக் குழாய். அந்த வீட்டைக் காலி பண்ணி நாம இங்க வந்தே பத்து மாசம் ஆச்சு.”

மேலாளர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இதுவரை மூடியே கழற்றாத பச்சைப் பேனாவை எடுத்து, அந்த வரிக்கு எதிரே அழுத்தி எழுதினார்:

‘முடிந்தது. கெடுவுக்கு ஆறு நாள் முன்னதாகவே.’