தலைகீழ்ப் பின்னம்

“யார் யார் வந்திருக்கீங்க?” என்று கேட்டபடி சிஸ்டர் அமலோற்பவம் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்தார்.

வந்திருந்தவர்கள்: பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன், அவன் மனைவி அமிர்தம், காலில் கம்பி வைத்த மகள் வாசுகி. கம்மாபுரத்துத் தனக்கோடியும் அவர் மகளும் வந்த வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தூணருகில் ஒரு நாய். அதை யாரும் அழைத்து வரவில்லை.

“அஞ்சு நிமிஷம். கூப்பிடுறேன்” என்று சிஸ்டர் உள்ளே போனார்.

தனக்கோடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பரீட்சை எப்படிங்க?” என்றான் கொளஞ்சிநாதன்.

“அத ஏன் கேக்குற. கணக்குதான் கழுத்தப் புடிச்சிடுச்சு.”

கொளஞ்சிநாதன் மகளை முறைத்தான். “கேட்டியா? கணக்காம்.”

வாசுகி நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ கவிழ்ந்து கால் உடைந்ததிலிருந்து அவள் வீட்டில்தான் படிக்கிறாள். பள்ளிக்கூடமே செய்துகொடுத்த ஏற்பாடு அது. வீட்டில் யாராவது ஒருவர் சொல்லித்தர வேண்டும். புத்தகமும் கேள்வித்தாளும் கன்னியாஸ்திரிகள் கொடுப்பார்கள், சனிக்கிழமைதோறும் வந்து திருத்துவார்கள். அமிர்தம் பகலில் வேலைக்குப் போகிறவள். நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்கப் போகும்முன் கொளஞ்சிநாதன்தான் பாடம் நடத்துவான்.

ஏழாவதில் இதே பள்ளியை விட்டவன் அவன். கணக்குப் பீரியடில் ஒண்ணுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கும் கணக்கு டீச்சர் இதே சிஸ்டர்தான். அவருக்கு அது ஞாபகம் இருக்காது என்று நம்பித்தான் கேட்டுக்குள் நுழைந்திருந்தான்.

“தேறலன்னா என்னா பண்ணுவாங்களாம்?” என்று மனைவியிடம் மெல்லக் கேட்டான்.

“திட்டக்குடி ஹாஸ்டல்ல சேத்துடலாம்னு சிஸ்டர் சொன்னாங்க. படிப்பு, படுக்கை எல்லாம் ஒரே இடமாம். கால் நோவாதாம்.”

அமிர்தம் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வேலை முடிந்து வருவான். வீட்டில் அவனோடு பேசுகிற ஆள் வாசுகி ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அவன் சுவரோடுதான் பேச வேண்டும்.

“வாசுகி, இங்க பாரு. முக்காலை அரையால வகுத்தா?”

“மூணுல ரெண்டுப்பா.”

“கரெக்டு. பயப்படாத. பேனா எங்க?”

“உன் பாக்கெட்டுல வச்சிருக்கேன்.”

தொட்டுப் பார்த்தான். ரெண்டு பேனா. “எங்கிட்ட எதுக்குடி?”

“இருக்கட்டும்ப்பா. போயி ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடு.”

“எனக்கு வரல.”

“ஏங்க, போயிட்டுதான் வாங்களேன்” என்றாள் அமிர்தம்.

இதில் என்ன அவசரம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் போனான். காலையில் இருந்தே எல்லாம் இப்படித்தான் இருந்தது. ஷேவ் பண்ணச் சொன்னார்கள். நேற்று ராத்திரி லீவு போட்டுத் தூங்கச் சொன்னார்கள். பரீட்சை எழுதப்போகிறவளோ காலாட்டிக்கொண்டு முறுக்குத் தின்கிறாள்.

திரும்பி வந்தபோது சிஸ்டர் வகுப்பறை வாசலில் நின்றிருந்தார்.

“நல்லாத் தூங்குனீங்களா?”

“தூங்குனேன் சிஸ்டர்.”

“சாப்டீங்களா?”

“சாப்டேன்.” நம்மை ஏன் கேட்கிறார்?

“செல்லு இருந்தா அணைச்சிக் குடுங்க.”

கொடுத்தான். மகளைக் கைத்தாங்கலாக வகுப்பறைக்குள் கொண்டுபோய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தான். அமிர்தம் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“சிஸ்டர், புள்ள நல்லாப் படிக்குது. பின்னம் வகுக்குறதுல கொஞ்சம் மார்க்கு போவுது, அவ்ளோதான். ஹாஸ்டல் மட்டும் வேணாம்.”

“முக்காலை அரையால வகுத்தா என்ன வரும், வாசுகி?” என்றார் சிஸ்டர்.

“ஒண்ணரை, சிஸ்டர்.”

கொளஞ்சிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்பதான வெளிய சரியாச் சொன்ன? இங்க வந்து ஏன்டி தப்பாச் சொல்ற?”

“ஒண்ணரைதாங்க சரி” என்றார் சிஸ்டர். “ரெண்டாவது பின்னத்தத்தான் தலைகீழாப் போடணும். நாங்க கேட்டாச் சரியாப் போடுறா. வூட்டுல எழுதுற பேப்பர்ல மட்டும் எப்பவும் மொதல் பின்னம் தலைகீழா நிக்குது. அந்தப் பாடத்தன்னைக்கு வகுப்ப விட்டு ஓடுன ஆளு சொல்லிக்குடுத்தா அப்படித்தான் நிக்கும்.”

அவன் மகளைப் பார்த்தான்.

“நான் சரியாப் போட்டா நீதாம்ப்பா தப்புன்ன” என்றாள் வாசுகி. முதல் பெஞ்சிலிருந்து எழுந்து, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நொண்டிப் போனாள்.

சிஸ்டர் அவனை அதே இடத்தில் உட்காரச் சொல்லி, கேள்வித்தாளை முன்னால் வைத்தார். “பரீட்சை சொல்லிக்குடுக்குறவங்களுக்குத்தான். தேறுனா அவ வூட்டுலயே படிக்கட்டும்.”

கொளஞ்சிநாதன் எழுந்தான். “சிஸ்டர், ஒரு நிமிஷம். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடுறேன்.”

“அன்னைக்கும் இதையேதான் சொல்லிட்டுப் போன, கொளஞ்சி” என்று சொல்லிவிட்டு வெளியே போன சிஸ்டர், கதவைச் சாத்திப் பூட்டினார்.