புருவம் பார்க்கும் டியூஷன்

நிறைமதி வீட்டில் போடும் பின்னக் கணக்கு ஒன்றுகூடத் தப்பாவதில்லை. பள்ளித் தேர்வில் மட்டும் பாதிக்கு மேல் தப்பு. அம்மா செண்பகவல்லி இதற்காகப் பேசிப் பாடம் சொல்லித்தரும் டியூஷன் கருவிகள் மூன்றை மாற்றிவிட்டாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கெட்டிக்காரக் கருவிதான், மதிப்பெண் அசையவில்லை.

"எனக்கு மண்டையில ஏறாதும்மா. அடுத்த வருஷம் கணக்கே வேண்டாம்," என்றாள் மகள்.

அன்று மாலை செண்பகவல்லி மகளுக்கு எதிரே உட்கார்ந்து, கணக்கை விட்டுவிட்டு முகத்தையே கவனித்தாள். தடுமாறும் இடத்தில் நிறைமதியின் இடது புருவம் மெல்ல உயர்ந்தது. மேஜைமேல் இருந்த கருவி உடனே, "கண்ணு, கீழ இருக்கற எண்களை முதல்ல சமமாக்கிக்கலாமா?" என்றது. அடுத்த கணக்கிலும் அதே கதை.

"ஏன்டி, பரீட்சையிலயும் இப்படித்தான் புருவத்தைத் தூக்கிட்டு உக்காந்திருந்தியா?"

"நான் எங்கம்மா தூக்கறேன்?" என்றாள் நிறைமதி, புருவத்தைத் தூக்கியபடி.

விஷயம் பிடிபட்டது. முகம் பார்த்துச் சொல்லித்தரும் கருவி, பிள்ளை யோசிக்கத் தொடங்கும் முன்பே கைகொடுத்துவிடுகிறது. செண்பகவல்லி தன் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அதன் கேமராக் கண்மேல் ஒட்டினாள்.

"கண்ணு, உன்னைக் காணோமே?"

"இங்கதான் இருக்கா. கூப்பிட்டா மட்டும் பேசு."

நிறைமதி பென்சிலைக் கடித்தாள், அழித்தாள், கருவியை முறைத்தாள், மறுபடி போட்டாள். வெகுநேரம் கழித்து, "அம்மா, வந்துருச்சு!" என்று கத்தினாள்.

அடுத்த தேர்வில் பெரும்பாலான கணக்குகள் சரியாக வந்தன. புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. கணக்கு முடியும்வரை பழைய கருவி அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்ததே போதுமாக இருந்தது.