அறுந்த சிக்னல் வயர்

"கார்ல பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரியுது. சரி பண்ணு, இல்லன்னா மண்டையப் பொளந்துடுவேன்!" ரௌடி குவோ சுத்தியலை ஓங்கினான். ஹுவாலியன் மலைப்பாதையில் மெக்கானிக் யூச்சினுடையதுதான் ஒரே பட்டறை.

அவள் சோதித்துப் பார்த்தாள். "பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு. அதோட சிக்னல் வயர்தான் எங்கயோ அறுந்திருக்கு. அது போய்ச் சேர்ற பேட்டரி டிக்கியில இருக்கு, திறங்க."

"டிக்கியைத் தொடாத!" விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது.

"அப்போ வண்டியத் தள்ளிக்கிட்டே போங்க."

"பார்த்ததை வெளிய சொன்னா நீயும் உள்ள போவ" என்று உறுமியபடி திறந்தான்.

கைகால் கட்டப்பட்ட ஒருவன் கிடந்தான். வாயெல்லாம் ரத்தம். பல்லிடுக்கில் செப்புக்கம்பி.

குவோ திரும்புவதற்குள் யூச்சினின் ஸ்பேனர் அவன் பின்மண்டையில் இறங்கியது. சுருண்டு விழுந்தான்.

டிக்கியில் கிடந்தவன் கம்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"வண்டி கெட்டா உன்கிட்டதான் கொண்டு வருவான்னு தெரியும், அக்கா."