பெருவிரலின் சேதி

இடது காலை முழங்காலுக்குக் கீழே அறுத்து எடுத்தபோது மூளை மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தது. விழித்த பிறகும் அதனிடம் விஷயத்தைச் சொல்ல யாருக்கும் மனசு வந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலின் பெருவிரல் சேதியைப் பிறந்த நாளிலிருந்து மேலே கொண்டுபோன நரம்பு, இப்போது கட்டுத்துணிக்குள் பாதியாக நின்றது. சொல்லியனுப்பத்தான் கீழே ஆளில்லை.

“பெருவிரல் எப்படிப்பா இருக்கான்? சத்தத்தையே காணோம்,” என்று மூளை கேட்டது.

“கொஞ்சம் அரிக்குதாம்யா,” என்று நரம்பு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டது.

மூளை உடனே வலது கையை அனுப்பியது. கை கீழே இறங்கித் துழாவியது. கட்டு முடிந்த இடத்துக்கு அப்பால் படுக்கை விரிப்புதான் இருந்தது. இதோடு குட்டு உடைந்தது என்று நரம்பு நினைத்துக்கொண்டது. கையோ அந்த வெறும் விரிப்பைக் கொஞ்ச நேரம் மெதுவாகச் சொறிந்தது.

“சொறிஞ்சு விட்டுட்டேன்யா. இப்ப சுகமா இருக்கான்.”

மூளை கையைத் திரும்ப மேலே அழைத்துக்கொண்டது.

“கண் முதல் நாளே பார்த்துட்டு வந்து எங்கிட்ட சொல்லிட்டுதுப்பா,” என்றது பிறகு. “இருந்தாலும், நாளைக்கும் அவனைப் பத்தி ஏதாவது வந்து சொல்லுங்க.”