கப்பல் போகுது, நீங்க போகலை

“கப்பல் போகுது சார். நீங்கதான் போகலை.”

கண்ணாடிக்கடைக்காரர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவர் அவர். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டிராவல்ஸ் பெண் சொன்னது அவருக்குத் தெளிவாகவில்லை.

“நான் டிக்கெட் வாங்கின கப்பல், நான் இல்லாம எப்படிம்மா போகும்?”

“ஒரு பார்ட்டி மொத்தக் கப்பலையும் வாடகைக்கு எடுத்துட்டாங்க சார். அவங்க ஆளுங்க மட்டும்தான் போவாங்க. மத்தவங்க டிக்கெட் எல்லாம் கேன்சல்.”

“பஸ்ஸை எடுப்பாங்க, வேனை எடுப்பாங்க. கப்பலையா எடுப்பாங்க?”

“சின்னக் கப்பல்தானே சார், எடுக்கறாங்க. உங்களுக்கு அடுத்த வாரம் பெரிய கப்பல்ல இடம் தரோம். உள்ளேயே நீச்சல் குளம் இருக்கு.”

“சுத்தியும் கடலை வெச்சுக்கிட்டு உள்ள எதுக்குக் குளம்? எனக்கு இந்தத் தேதிதான் வேணும்.”

பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெல்ல வாயைத் திறந்தாள்.

“என்னங்க, இதான் சாக்குன்னு பேசாம கல்யாணத்துக்கே போயிடலாமே.”

“நீ சும்மா இரு.”

தேதிதான் விஷயம். அன்றைக்கு அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்குப் போகாமல் இருக்கத்தான் அவர் கப்பல் டிக்கெட்டே வாங்கியிருந்தார்.

போன வருஷம் தங்கை புருஷன் புதுக் கடை திறந்தபோது வந்த வினை இது. வந்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்து உட்கார வைத்த மனுஷன், இவரிடம் மட்டும், “மச்சான், வண்டி நிறுத்துற இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார். நம்பிக்கையான ஆள் என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ! கண்ணாடிக்கடைக்காரர் கொளுத்தும் வெயிலில் நின்று, கண்டவன் வண்டிக்கெல்லாம் கை காட்டிவிட்டு உள்ளே போனபோது, பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான். அதற்குப் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

தங்கை மகள் விஷயம் வேறு. அவர் தோளில் ஏறி வளர்ந்தவள். அவளுடைய முதல் மூக்குக்கண்ணாடியை அவர் கையால்தான் மாட்டிவிட்டார். அவள் நேரில் வந்து அழைத்தபோது, ‘வரமாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மறுநாளே ஓடிப்போய்க் கப்பல் டிக்கெட் வாங்கி, அதைப் படம் பிடித்து அவளுக்கே அனுப்பினார். ‘முன்னாடியே வாங்கிட்டேன் கண்ணு. இனி மாத்த முடியாதாம். மாமாவை மன்னிச்சிடு.’ அனுப்பிவிட்டு அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது கப்பலும் கைவிட்டால் அவளிடம் என்ன சொல்வது? கல்யாணத்தன்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

டிராவல்ஸ் பெண் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

“சார், உங்க டிக்கெட் கேன்சல்னு இருக்கு. பணமும் திருப்பி அனுப்பியாச்சு. ஆனா பதினேழாம் நம்பர் ரூம் இன்னும் உங்க பேர்லயே இருக்கே!”

“அப்போ நான் போறேனா?”

“இல்ல சார், கேன்சல்.”

“அப்போ ரூம்?”

“ரூம் இருக்கு.”

“ரூம் மட்டும் தனியா போகுதா?”

அவளுக்கே தலை சுற்றியது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, “ஆமா... சரி... அப்படியா?” என்று கேட்டுவிட்டு வைத்தாள். குழப்பம் தீர்ந்த முகமாகத் தெரியவில்லை.

“கப்பலை எடுத்த பார்ட்டியே சொல்லியிருக்காங்க சார். யாரை வேணா மாத்துங்க, பதினேழாம் ரூம்காரங்களை மட்டும் மாத்தக் கூடாதுன்னு. அவங்ககிட்ட பணமும் வாங்கக் கூடாதாம்.”

“யாரும்மா அது?”

“பேர் சொல்லக் கூடாதாம்.”

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

“ஆள் மாறாட்டமா இருக்கும்,” என்றார். “முன்பின் தெரியாதவங்க கூட்டத்துல நான் போய் எங்கம்மா நிக்கிறது?”

அப்போதுதான் அவருடைய செல்போன் அடித்தது. தங்கை மகள்! எடுக்கலாமா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் எடுத்துக் காதில் வைத்தார்.

“மாமா, டிக்கெட் கேன்சல்னதும் பயந்துட்டீங்களா?”

“அது... உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?”

“நீங்கதானே கப்பல் பேரு, ரூம் நம்பர் எல்லாம் படம் பிடிச்சு அனுப்பினீங்க! கப்பலை விட்டு வர முடியாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. மாமா இல்லாம கல்யாணமே வேணாம்னு நான் சொல்லிட்டேன். அப்பா பாவம், ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, மண்டபத்தை விட்டுட்டு உங்க கப்பலையே பிடிச்சுட்டாரு. கல்யாணம் அதுலதான்.”

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேண்டியது இப்போது அது இல்லை.

“அப்பா பக்கத்துலதான் நிக்கறாரு மாமா. உங்ககிட்ட பேச வெட்கமா இருக்காம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்றாரு... கப்பல்ல வண்டி நிறுத்துற இடமே கிடையாதாம்!”