ஜில்லா மாறிய அப்பா

"உங்க பெண்ணை உங்ககூட அனுப்ப முடியாது" என்றார் வார்டன் அலர்மேல்மங்கை.

"ஏம்மா? நான் அவ நைனாதானே?" என்றார் செங்கல்வராயன்.

"அதைத்தான் நீங்க ருசுப்படுத்தணும்."

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வார்டன் இரண்டு நோட்டுகளை அருகருகே விரித்தார். "எங்க ரிஜிஸ்டர்ல இருக்கிற செங்கல்வராயன் சித்தூர் ஜில்லா, ஆந்திரா. நீங்க இப்ப கையெழுத்துப் போட்டிருக்கிறது செங்கல்பட்டு ஜில்லா, மதராஸ்."

"ஒண்ணாம் தேதிலருந்து எங்க திருத்தணி தாலுகாவை மதராசுல சேத்துட்டாங்கம்மா. ஊரு இருந்த எடத்துலதான் கீது."

"இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே ஆள்னு தாசில்தார்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. ரூல்னா ரூல்."

கூட வந்திருந்த அவருடைய அக்கா வெங்கடம்மா தம்பியை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "பழைய விலாசத்தையே கிறுக்கித் தொலைச்சிருந்தா இன்னாடா? உன்ன யாரு புதுசா எழுதச் சொன்னது?"

"சர்க்காரே மாத்திட்டா, நாம மாத்த வேணாமாக்கா?"

இப்படி ஒரு அசட்டு மனுஷனா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த அசட்டுத்தனம்தான் அன்றைக்கு என் தோழி சந்திரம்மாவைக் காப்பாற்றியது.

அறுபதாம் வருஷம், ஏப்ரல் மாசம். திருப்பதியில் எங்கள் பெண்கள் கல்லூரி விடுதியில் சந்திரம்மாவும் நானும் ஒரே அறை. பதினெட்டாம் தேதி பி.யூ.சி. பரீட்சை. கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல். அத்தைக்கோ அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. பரீட்சைக்கு முன்னாலேயே தன் மகனுக்கு அவளை நிச்சயம் பண்ணி, படிப்புக்கு ஒரு முழுக்குப் போட வைத்துவிட வேண்டும்.

"உங்க நைனா எதிர்த்துப் பேச மாட்டாரா?" என்று கேட்டேன்.

"தாட்சாயணி, அது அத்தை தூக்கி வளத்த தம்பி. கிணத்துல குதிடான்னா, எந்தக் கிணறு அக்கான்னு கேக்கும்" என்று அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுதி வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. திங்கட்கிழமை தோறும் அதில் 'விடுதிச் சேதி' எழுதி ஒட்டுவது என் பொறுப்பு. வழக்கமாக, சாம்பாரில் பருப்பைக் காணோம், குளியலறையில் சோப்பைக் காணோம் என்று எழுதுவேன். அந்த வாரம் கொட்டை எழுத்தில் இப்படி எழுதினேன்:

'பரீட்சைக்கு முந்தின வாரம் மகளை மாலை மாற்ற இழுத்துப் போகும் தகப்பன்மார் கவனத்துக்கு: வீட்டில் ஆடு மாடு இருந்தால் ஓட்டிக்கொண்டு போகவும். பெண்ணை விட்டுவிடவும்.'

அன்றைக்கே, பதினோராம் தேதி, அக்காவும் தம்பியும் மறுபடி வந்தார்கள்.

"தாசில்தார் கடிதம் எங்கே?" என்றார் வார்டன்.

செங்கல்வராயன் தலையைச் சொறிந்தார். "ஆபீசுல புது முத்திரை இன்னும் வரலியாம்மா. பழைய முத்திரையில ஆந்திரான்னு கீதாம்."

"முத்திரை இல்லாத கடிதம் செல்லாது. போய்ட்டு வாங்க."

வெங்கடம்மா இரண்டு சர்க்காரையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் செங்கல்வராயன் நின்றுவிட்டார். என் பலகையைப் பார்த்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இன்னாடா போட்டுகீது?" என்றாள் எழுத்துத் தெரியாத அக்கா.

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். மனுஷன் விரலை வைத்து, ஒரு வார்த்தை விடாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்துக் காட்டினார். ஆடு மாடு வந்த இடத்தை இரண்டு தரம் படித்தார்.

வெங்கடம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மானம் போவுது, வாடா" என்று விடுவிடுவென்று பஸ்ஸுக்கு நடந்தாள்.

திட்டினால்கூடச் சொரணை வராத ஜென்மம் என்று அவரைப் பற்றி அறை அறையாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். சந்திரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சந்திரம்மா பரீட்சையை எழுதி முடித்துவிட்டாள்.

இருபத்தேழாம் தேதி செங்கல்வராயன் தனியாக வந்தார். ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க நானும் வார்டன் அறையில் நின்றிருந்தேன்.

"இப்பவாவது கடிதம் கொண்டு வந்தீங்களா?"

சட்டை ஜோபியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வேர்வையில் ஊறி, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. வார்டன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுல ஏழாம் தேதின்னு போட்டிருக்கே. முத்திரையும் இருக்கு. பதினோராம் தேதி நீங்க வந்தப்போ இது எங்க இருந்தது?"

"இதே ஜோபியிலதாம்மா."

"பின்னே ஏன் குடுக்கலை?"

"குடுத்திருந்தா நீங்க அனுப்பியிருப்பீங்களே. ரூல்னா ரூல் இல்லியா?"

வார்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. முதல் தடவை வந்தபோது அந்த மனுஷன் நோட்டில் புது விலாசத்தை அத்தனை நிதானமாக எழுதியது அப்போதுதான் உறைத்தது.

வெளியே ஓடினேன். பரீட்சை மும்முரத்தில் நான் புதுச் சேதி ஒட்டாததால், பலகையில் அந்தக் காகிதம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிக்கக் கை வைத்தேன்.

"கிழிக்காத கண்ணு" என்று பின்னால் குரல் கேட்டது. மகளின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே செங்கல்வராயன் சொன்னார்: "பி.ஏ. இன்னும் மூணு வருசம் கீது. எங்க அக்காவுக்கு மறுபடியும் படிச்சுக் காட்டணும்."