நாலு விரல் அகல நூல்

"குடுங்க அத்தே! அது நான் வாங்கினது!"

"தர முடியாது. ஞானஸ்நானத்துக்கு இந்த மூஞ்சியோடவே வா, போதும்!"

பக்கத்து வீட்டுக் கல்லிரோயி அக்கா, மருமகள் அசிமினாவின் கையிலிருந்த களிம்பு டப்பாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

சந்தைக்கு வந்த எவனோ விற்றது. டப்பாவில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்றானாம்.

பிள்ளை பெற்றதிலிருந்து அசிமினாவுக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு. ஈஸ்டர் முடிந்ததும் குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்கள் கிரேக்கத் தீவு கலிம்னோஸே திரண்டு வந்து போட்டோ எடுக்கும். பாவம், கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"மருமக அழகாயிட்டா மாமியாருக்குப் பொறுக்காதே!" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

கல்லிரோயி அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மார்ச் ஒன்று. வழக்கம்போல எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டினோம். கட்டினால் மார்ச் வெயில் கன்னத்தைக் கறுக்க விடாதாம். அந்த நம்பிக்கையில் அசிமினா வெறுந்தலையோடு துணி காயப்போடக் கிளம்பினாள்.

"நூலு வெயிலைத் தடுக்கும்னா கோயிலுக்கு எதுக்குடி கூரை? தொப்பியை மாட்டு!"

அன்றைக்கே கல்லிரோயி அக்கா மருமகளைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பால் கொடுக்கிறவளுக்கு ஒத்துக்கொள்ளும் களிம்பு வந்தது. ராத்திரி பட்டாணி அளவு, பகலில் வெயிலுக்குத் தனிக் களிம்பு. முதலில் முழங்கை மடிப்பில் தடவி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்துக்கு.

கல்லிரோயி அக்கா போலீஸ்காரி மாதிரி கூடவே நின்றாள். மெல்ல மெல்லத் திட்டு மங்கத் தொடங்கியது.

ஆனால் பாருங்கள், நூலைக் கேலி செய்தவள் கையில் நாலு விரல் அகலத்துக்கு நூல்!

"ஊருக்குத்தான் உபதேசமா அக்கா?"

"உன் சோலியைப் பாரு, மரிகோ."

மாதக் கடைசியில் நூலை அவிழ்த்து ரோஜாச் செடியில் போடுவோம். குருவி கூடு கட்ட எடுத்துப் போகும். கல்லிரோயி அக்கா மட்டும் அவிழ்க்க மாட்டேன் என்றாள்.

"குருவி கோவிச்சுக்கும் அத்தே!" அசிமினா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள்.

நூல் விழுந்தது. மணிக்கட்டில் தோல் வெந்து, கறுத்து, சுருங்கிப் போயிருந்தது.

"ஐயோ, என்ன அத்தே இது?"

"எல்லாம் உன் டப்பாதான்."

"அதைப் போய் நீங்க எதுக்குத் தடவினீங்க?"

"நீ அன்னைக்கு அப்படி அழுதியே! நல்ல மருந்தா இருந்தா காலையில குடுத்துடலாம்னு பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் உக்காந்து அழுவே."

அசிமினா குனிந்து அந்தக் கையை முத்தமிட்டாள்.

அன்றைக்கு நான் சொன்னதில் பாதிதான் தப்பு. பொறுக்காதுதான் அந்த மாமியாருக்கு, மருமகள் அழுதால்.